பெட்ரோல் வற்றிய நாட்களில்



பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கலாம். லயத்துக்குப் பின்னால், ஆற்றோரப் புதர் மறைவில், யாரோ ஒருவர் ஒளிந்து சம்சு காய்ச்சுவார். வடித்த சரக்கில் ஒரு கரண்டி எடுத்து, நெருப்புக் குச்சியைக் காட்டுவார். நீல நிறமாக எரிந்தால் சரக்கு நல்ல சரக்கு. எரியாவிட்டால் தண்ணீர் மிகுதி. அதை வேடிக்கை பார்க்கும் பிள்ளை ஒன்று கேட்கும்: "எரிகிறதே தாத்தா, இதை ஊற்றினால் மோட்டார் வண்டி ஓடுமா?"

பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால், நேயர்களே, அந்தக் கேள்வி சிரிக்க வேண்டிய கேள்வியன்று. உலகின் பெரிய பெரிய அரசுகள் அதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன, சட்டம் இயற்றியிருக்கின்றன, ஆலைகள் கட்டியிருக்கின்றன. நம் பேராக் மாநிலமும் மூன்றரை ஆண்டுக்கு மேல் பெட்ரோல் இல்லாமல் தவித்த காலம் ஒன்று உண்டு. அப்போது வண்டிகள் எதைக் குடித்து ஓடின? வீட்டிலேயே காய்ச்சத் தெரிந்த அந்தச் சாராயம் ஏன் வண்டிக்கு உதவவில்லை? இன்று நாம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாராயத்தில் போதை தரும் பொருளாகிய மதுசாரம், அதாவது ஆல்கஹால், மோட்டார் இயந்திரத்துக்குப் புதிய உறவன்று. அமெரிக்காவில் சாமுவேல் மோரே என்பவர் 1826-ஆம் ஆண்டிலேயே ஆல்கஹாலும் டர்ப்பன்டைனும் கலந்த ஆவியால் இயங்கும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது பெட்ரோல் விற்பனை என்பதே உலகில் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் உருளைக்கிழங்கிலிருந்து ஆல்கஹால் வடித்து விளக்குக்கும் இயந்திரத்துக்கும் பயன்படுத்தினர். பிரேசில் நாடு 1931-ஆம் ஆண்டில், இறக்குமதியாகும் பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால் கலக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆகவே "ஓடுமா?" என்ற பிள்ளையின் கேள்விக்கு "ஓடும்" என்பதே முதல் விடை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் பேராக்கின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாத இறுதிக்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போய்விட்டது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கடும்போர் நடந்தது. ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படையின் முதுகெலும்பு முறிந்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபதே நாளில் மலாயா முழுவதும் கைமாறிற்று. ஜப்பானியப் போர்வீரர் பலர் சைக்கிளில் வந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்புச் சக்கரத்திலேயே ஓட்டினார்களாம். ரப்பர் விளையும் நாட்டின் சாலையில் ரப்பர் இல்லாச் சக்கரம்! போர்க் காலத்தில் எல்லாமே தலைகீழாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பெட்ரோலின் கதையும் அப்படித்தான். சுமத்ராவில் பலெம்பாங்கிலும், போர்னியோவில் மிரியிலும் செரியாவிலும் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. ஜப்பான் போருக்கு இறங்கியதே அந்த எண்ணெயைக் கைப்பற்றத்தான் எனலாம். கைப்பற்றவும் செய்தது. ஆனால் அந்த எண்ணெய் முதலில் போர்க்கப்பலுக்கும் விமானத்துக்கும் போயிற்று. பின்னர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் எண்ணெய்க் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. ஈப்போவிலிருந்து கம்பாருக்குப் போகும் பஸ்ஸுக்கும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு அரிசி ஏற்றப் போகும் லோரிக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அரசாங்க அனுமதி பெற்ற வண்டிகளுக்கே பெட்ரோல் அரிதாயிற்று.

அப்போது மக்கள் மூன்று பொருள்களிடம் போனார்கள். மூன்றும் இந்த மண்ணில் விளைந்தவை. முதலாவது கரி. இரண்டாவது ரப்பர். மூன்றாவது செம்பனை எண்ணெய்.

கரிவண்டியை முதலில் காண்போம். பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் இரும்பு உலை பொருத்தப்படும். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, காற்றைக் குறைவாக விடுவார்கள். காற்றுக் குறைந்தால் கரி முழுவதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவாக மாறும். அந்த வாயுவைக் குளிரச் செய்து, தூசு போக வடிகட்டி, இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். வண்டி ஓடும், ஆனால் பெட்ரோலில் கிடைத்த வலிமையில் பாதியோ, மூன்றில் இரண்டு பங்கோதான் கிடைக்கும். மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். காலையில் புறப்பட வேண்டுமென்றால் அதற்கு முன்பே எழுந்து உலையை மூட்ட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் மூட்டினால் அந்த வாயு ஆளையே கொன்றுவிடும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. அதே ஆண்டுகளில் தமிழகத்திலும் கரி பஸ்கள் ஓடின என்பது அங்குள்ள முதியோர் அறிந்த செய்தி. பேராக்கில் கரிக்கு மூலமான காடு அருகிலேயே இருந்தது. தைப்பிங்கிற்கு மேற்கே, அன்று போர்ட் வெல்ட் என்றழைக்கப்பட்ட கோலா செப்பெத்தாங்கைச் சுற்றியுள்ள மாத்தாங் அலையாத்திக் காடும் அங்குள்ள கரிச் சூளைகளும் இன்றும் பெயர்பெற்றவை.

இரண்டாவது, ரப்பர். இது நம் மக்களின் நெஞ்சை அதிகம் தொடும் கதை. 1877-ஆம் ஆண்டில் ஹியூ லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி கோலா கங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து பேராக்கின் காடெல்லாம் தோட்டமாயிற்று. கடல் கடந்து வந்த தமிழர் கையால் பால் வடிந்தது. ஜப்பானியர் வந்ததும் உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி அவர்கள் கைக்குள் வந்தது. ஆனால் அவ்வளவு ரப்பரை வாங்குவதற்கு அவர்களிடம் சந்தை இல்லை. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன சரக்கு நின்றது. தோட்டங்கள் முடங்கின. விற்க முடியாத ரப்பரை என்ன செய்வது?

காய்ச்சி வடித்தார்கள். ஆம், ரப்பரையும் வாலையில் வடிக்கலாம்! காற்றுப் புகாத பாத்திரத்தில் ரப்பர்த் துண்டுகளைப் போட்டுச் சூடேற்றினால், அதன் நீண்ட சங்கிலி போன்ற அணுக்கூட்டம் அறுந்து சிறு சிறு துண்டாகும். அவை ஆவியாக வந்து, குளிர்ந்தால் எண்ணெயாகும். ரப்பர் கரியும் நீரகமும் மட்டுமே சேர்ந்த பொருள் என்பதை மைக்கேல் பாரடே 1826-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து சொன்னார். 1860-ஆம் ஆண்டில் கிரெவில் வில்லியம்ஸ் என்பவர் ரப்பரை வடித்து ஐசோப்பிரீன் என்ற நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். பெட்ரோலும் கரியும் நீரகமும் சேர்ந்ததே. ஆகவே ரப்பர் எண்ணெய் பெட்ரோலுக்கு உறவு முறைதான். ஆனால் குணம் கெட்ட உறவு. சில நாள் வைத்தால் பிசினாகும், குழாயை அடைக்கும், புகையும் நாற்றமும் தாங்காது. என்றாலும் வண்டி ஓடிற்று. இரத்தம் போலக் காத்து வடித்த பாலை, சீட்டாக்கி, பின் அந்தச் சீட்டையே நெருப்பில் இட்டு எண்ணெயாக்கிய விந்தையைத் தோட்ட மக்கள் கண்ணால் கண்டார்கள்.

மூன்றாவது, செம்பனை எண்ணெய். கீழ்ப்பேராக்கில் தெலுக் இந்தானுக்கு அருகே, ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டென்மார்க் நாட்டுப் பொறியாளர் 1906-ஆம் ஆண்டில் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கினார். தெலுக் இந்தானுக்கு அப்போது தெலுக் ஆன்சன் என்று பெயர். ரப்பரில் தொடங்கிய அந்த நிறுவனம் பின்னர் செம்பனைக்குப் பெயர்பெற்றது. போர்க் காலத்தில் செம்பனை எண்ணெயை ஏற்றுமதி செய்ய வழியில்லை. டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைப் போல நளினம் பார்ப்பதில்லை. தாவர எண்ணெயையும் எரிக்கும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. அந்த வழியில் மலாயாவிலும் செம்பனை எண்ணெய் டீசலுக்கு மாற்றாகவும், இயந்திரத்துக்குப் பூசும் எண்ணெயாகவும் பயன்பட்டது. நம் மலைநாட்டுக் காலைக் குளிரில் அது நெய்யைப் போல உறைந்துவிடும். சூடு காட்டித்தான் ஊற்ற வேண்டும். அது ஒரு குறை.

கரி, ரப்பர், செம்பனை ஆகிய மூன்றும் வண்டிக்கு உணவாயின. அப்படியானால் நான்காவதாக ஆல்கஹால் ஏன் அவ்வாறு பெருகவில்லை? தோட்டத்து மக்களுக்குக் கள் தெரியும். புளிக்க வைக்கத் தெரியும். வடிக்கவும் சிலருக்குத் தெரியும். பின் எது தடுத்தது?

இதற்கு விடை காண நாம் கடல் தாண்டி இந்தியாவுக்குச் சற்றுப் போய்வர வேண்டும். அங்கே 1932-ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி உயர்ந்தது. உள்நாட்டுக் கரும்பாலைகள் சில ஆண்டுகளிலேயே பல மடங்காகப் பெருகின. ஆலைகள் பெருகியதும் ஒரு தொல்லையும் பெருகிற்று. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருநிறப் பாகு, அதாவது மொலாசஸ், குளம் குளமாகத் தேங்கியது. நாறியது, நீர்நிலையில் விட்டால் மீன் செத்தது. அந்தக் கழிவுப்பாகைப் புளிக்க வைத்தால், ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 225 முதல் 250 லிட்டர் வரை ஆல்கஹால் கிடைக்கும். கழிவு காசாகும் அல்லவா? 1938-ஆம் ஆண்டில் ஐக்கிய மாகாணமும் பீகாரும் சேர்ந்து இதை ஆராய ஒரு குழு அமைத்தன. மைசூர் சமஸ்தானத்தில், 1933-இல் தொடங்கப்பெற்ற மண்டியா சர்க்கரை ஆலை, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலேயே மோட்டார் வண்டிக்கான ஆல்கஹால் தயாரிப்பில் இறங்கியது. ஐக்கிய மாகாணம் 1940-இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. சுதந்திர இந்தியா 1948-இல் இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். 1937-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மனிதன் குடிக்கக் கூடாது என்று ஓர் அரசு சட்டம் போட்ட அதே பத்தாண்டில், வண்டி குடிக்கலாம் என்று பக்கத்து அரசு ஆலை கட்டியது. இரண்டும் முரண் இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு முகம் உண்டு என்பதே செய்தி.

பேராக்கில் இந்தக் கழிவுப்பாகு இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் முதலில் உழைத்தது ரப்பரில் அன்று. கிரியானிலும், அதற்கு வடக்கே புரோவின்ஸ் வெல்லஸ்லியிலும் இருந்த கரும்பில்தான். கோலா குலா என்ற ஊர்ப் பெயரில் இன்றும் சர்க்கரையைக் குறிக்கும் மலாய்ச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது; கரும்பு அழிந்தது. சில ஆண்டுகளில் ஆலைகள் மூடப்பட்டன. முப்பது ஆண்டு கழித்துப் போர் வந்தபோது, ஆல்கஹால் வடிப்பதற்கு மலிவான கழிவு எதுவும் நம்மிடம் இல்லை. இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம், தண்ணீர். நேயர்களே, இதை இல்லத்தரசிகளும் மாணவர்களும் கவனமாகக் கேட்க வேண்டும். கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு 4 முதல் 8 பங்குக்குள்தான் இருக்கும். புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே மயங்கிச் சாகும்; ஆகவே 12, 15 பங்குக்கு மேல் புளிப்பில் ஏறுவது அரிது. பிறகு வடிக்க வேண்டும். ஆல்கஹால் 78 பாகைச் சூட்டிலும் தண்ணீர் 100 பாகையிலும் கொதிக்கும். முதலில் ஆல்கஹால் ஆவியாகும். ஆனால் தனியாக வராது, தண்ணீரையும் கைப்பிடித்து அழைத்து வரும். திரும்பத் திரும்ப வடித்தால் வலிமை ஏறும். எடையில் நூற்றுக்கு 95.6 பங்கை எட்டியதும் நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை முறை வடித்தாலும் மீதித் தண்ணீர் பிரியாது. இயற்கை போட்ட முடிச்சு அது.

அந்த முடிச்சை அவிழ்க்கச் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். 1902-இல் சிட்னி யங் என்னும் அறிஞர் பென்சீனைச் சேர்த்து வடிக்கும் வழியைக் கண்டார். இவை ஆலைக்குரிய வேலைகள், பென்சீன் நஞ்சுமாகும். புதர் மறைவில் தகரப் பீப்பாயை வைத்துச் செய்யக்கூடியவை அல்ல. "கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். ஆல்கஹாலை மட்டுமே குடிக்கும்படி அமைத்த இயந்திரம் கொஞ்சம் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பெட்ரோலோடு கலந்தால் பொறுக்காது. தண்ணீர் சேர்ந்த ஆல்கஹால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். வண்டி முதலில் உறிஞ்சுவது அடியில் உள்ளதைத்தான், நடுச்சாலையில் நின்றுவிடும். அதனால்தான் 1948-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், வண்டிக்கான ஆல்கஹால் நூற்றுக்கு 99.5 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. கரண்டியில் நீலமாய் எரிந்த சம்சு, பாதிக்குப் பாதி தண்ணீராக இருந்தாலும் எரியும். எரிவது வேறு, வண்டியை ஓட்டுவது வேறு. தாத்தாவுக்குத் தெரியாத வேறுபாடு இதுதான்.

மூன்றாவது காரணமே மிகப் பெரியது. அது வயிறு.

போருக்கு முன் மலாயா தான் உண்ணும் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. போர் வந்ததும் கப்பல் நின்றது, அரிசி நின்றது. தோட்டத்து மக்கள் லயத்தைச் சுற்றி மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. சட்டைக்குத் துணி இல்லை; மலேரியாவுக்கு மருந்து இல்லை. இதற்கிடையில் சயாம் மரண இரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

மரவள்ளியிலிருந்து ஆல்கஹால் எடுக்கலாம். இன்று தாய்லாந்து அதைப் பெரிய அளவில் செய்கிறது. நல்ல ஆலையில் ஒரு டன் பச்சைக் கிழங்கிலிருந்து ஏறத்தாழ 160 முதல் 180 லிட்டர் வரை கிடைக்கும். நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரின் தொட்டி 40 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதை நிரப்ப ஏறத்தாழ 240 கிலோ கிழங்கு வேண்டும். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ கிழங்கை உண்டால், அது 48 நாள் உணவு. ஆல்கஹால் தரும் ஆற்றலோ அதே அளவு பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய கார் ஆறேழு கிலோமீட்டர்தான் ஓடும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போய், திரும்பி வருவதற்குள் தொட்டி காலியாகிவிடும். ஒரு பயணத்துக்கு ஒரு குடும்பத்தின் ஒன்றரை மாத உணவு! வடிப்பதற்கு வேண்டிய விறகை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஜப்பான் தன் சொந்த நாட்டில் இந்தக் கணக்கை மீறிப் பார்த்தது. போரின் இறுதிக் கட்டத்தில் விமானங்களுக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து ஆல்கஹால் வடித்தது; பைன் மர வேரைத் தோண்டி எண்ணெய் எடுக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் ஏவியது. அதே வேளையில் அந்நாட்டு மக்கள் பசியில் வாடினர். இயந்திரத்தின் பசிக்கும் மனிதனின் பசிக்கும் ஒரே கிழங்கு போட்டியிட்டால், வலிமை உள்ளவன் பக்கமே கிழங்கு போகும் என்பதை அந்தப் போர் காட்டிற்று.

இனி, சாராயத்தின் மற்ற முகத்தைப் பார்க்காமல் இந்த உரையை முடிக்க முடியாது. வண்டியை ஓட்டாத சாராயம் நம் சமுதாயத்தை எங்கே ஓட்டிற்று? தோட்டங்களில் நிருவாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் உண்டு. சம்பள நாளில் வாங்கிய வெள்ளி மாலைக்குள் அந்தக் கடைக்கே திரும்பிப் போயிற்று. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின் 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாக எழுந்தார்கள். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத மக்கள், தங்களைக் கெடுப்பது எது என்பதைத் தாங்களே கண்டு சொன்னார்கள். இது நம் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம்.

கள்ளைவிடச் சம்சு கொடியது. அதிலும் கொடியது மெத்தனால் என்னும் மரச்சாராயம். பார்வைக்கும் வாடைக்கும் நல்ல ஆல்கஹால் போலவே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று பேராசைக்காரர் அதைக் கலந்து விற்கிறார்கள். குடித்தவருக்கு முதலில் கண் போகும். பிறகு உயிர் போகும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டில், சிலாங்கூர் வட்டாரத்தில், கள்ளத்தனமாகச் செய்த மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள்.

ஆனால் அதே மெத்தனால் இன்று நம் சாலைகளில் நல்லதொரு வேலையும் செய்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1937-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் ஷவான் என்பவர், செம்பனை எண்ணெயையும் ஆல்கஹாலையும் வினைப்படுத்தினால் டீசலைப் போன்ற மெல்லிய எரிபொருள் கிடைக்கும் என்று காப்புரிமை பெற்றார். 1938-இல் பிரசல்ஸ் நகருக்கும் லூவென் நகருக்கும் இடையே ஒரு பஸ் அந்த எரிபொருளில் ஓடிற்று. தனியே உறையும் எண்ணெயும் தனியே வலிமை குறைந்த ஆல்கஹாலும் கைகோத்தபோது, இருவர் குறையும் நீங்கிற்று. போர் வந்தது, அந்தக் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது.

1973-இல் எண்ணெய் விலை சில மாதத்தில் நான்கு மடங்காயிற்று. உலகம் மறுபடியும் பழைய பாடத்தைப் புரட்டியது. பிரேசில் 1975-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் தன் ஆல்கஹால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-இல் ஆல்கஹாலில் மட்டுமே ஓடும் கார்களை விற்பனைக்கு விட்டது. பரந்த கரும்பு நிலம் அதற்குக் கைகொடுத்தது. மலேசியாவுக்கு அவ்வளவு பரந்த கரும்பு நிலம் இல்லை, செம்பனை இருந்தது. 1979-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 1982-இல் செம்பனை டீசல் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1985-இல் ஆண்டுக்கு 3,000 டன் தயாரிக்கும் சோதனை ஆலை எழுந்தது. பின்னர் பஸ்களில் ஊற்றி, ஒவ்வொன்றையும் 300,000 கிலோமீட்டர் வரை ஓட்டிப் பார்த்தனர். 2006-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2011-இல் டீசலில் நூற்றுக்கு 5 பங்கு செம்பனை டீசல் கலக்கத் தொடங்கி, 2019-இல் போக்குவரத்து டீசலில் அது 10 பங்காக உயர்ந்தது. இந்தச் செம்பனை டீசலைச் செய்ய எண்ணெயோடு சேர்ப்பது மெத்தனால்தான். வினை முடிந்தபின் அது மெத்தனாலாக இராது. எண்ணெயோடு ஒன்றிப் புதுப் பொருளாகிவிடும். ஆகவே, ஈப்போச் சாலையில் இன்று ஒரு டீசல் லோரி போகும்போது, தோட்டத்துப் பழமும் ஒரு வகைச் சாராயமும் சேர்ந்தே அதை இழுக்கின்றன என்று சொன்னால் தவறில்லை.

அந்தப் பழம் விளையும் இடம் எது? முன்பு ரப்பர் நின்ற இடமேதான். 1950-களிலும் 1960-களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் வெளியேற நேர்ந்தது. அந்தத் துயரைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பால் தோட்டங்களை வாங்கச் செய்தார். பின்னர் மிஞ்சிய ரப்பரையும் செம்பனை வென்றது. 1980-களின் இறுதியில் நாட்டில் ரப்பரைவிடச் செம்பனையின் பரப்பே மிகுந்தது. கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. பயிர் மாறும்போதெல்லாம் லயமும் கலைந்தது. மண் அதே மண். உழைத்தவர் பேரப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2000-இல் நீக்கிவிட்டு, 2003-இல் புதிதாகப் பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கியது. 2025-இல் 20 பங்கை எட்டிவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. கழிவுப்பாகு போதவில்லை, கரும்புச் சாறும், மக்காச்சோளமும், அரிசியும் வடிசாலைக்குப் போயின. 2023-ஆம் ஆண்டு ஜூலையில், அரிசி விலை ஏறுகிறது என்பதற்காக, அரசுக் கிடங்கிலிருந்து எத்தனாலுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு மீண்டும் கொடுத்தார்கள். பார்த்தீர்களா? லயத்தைச் சுற்றி நட்ட மரவள்ளிக் கிழங்கின் கணக்கு, எண்பது ஆண்டு கழித்து, ஒரு பெரிய நாட்டின் அரசாங்க மேசைமீது மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட பிள்ளைக்கு இப்போது நாம் நேர்மையாக விடை சொல்லலாம். வண்டி ஓடும், தம்பி. ஆனால் தண்ணீரைப் பிரிக்க அறிவியல் வேண்டும். புதர் மறைவில் அது ஆகாது, ஆபத்தும் சட்டமும் அங்கே காத்திருக்கின்றன. வயிற்றிலிருந்து எடுக்காத மூலப்பொருள் வேண்டும். கழிவிலிருந்து எடுத்தால் ஊருக்கு நன்மை, சோற்றிலிருந்து எடுத்தால் ஏழைக்குக் கேடு. அதை விளைவிக்கும் கைக்கு அதன் பயன் போய்ச் சேருமா என்பதும் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வற்றிய அந்த மூன்றாண்டு எட்டு மாதத்தில் நம் முன்னோர் கரியை ஊட்டியும், ரப்பரை உருக்கியும், கிழங்கைத் தின்றும் உயிர் காத்தார்கள். கிழங்கை அவர்கள் வண்டிக்கு ஊற்றவில்லை, பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். அதனால்தான் நாம் இன்று இந்த வானொலியைக் கேட்க இருக்கிறோம். இனி எந்த எரிபொருள் வந்தாலும், "இது யார் தட்டிலிருந்து வந்தது?" என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்டுப் பழகுவோம்.